டைனர் என்பது பழைய ரயில் பெட்டியா?

கேள்வி, மார்ச் 2
நியூஜெர்சிக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. வேலைக்குப் போகும் வழியில் அசல் ரயில் பெட்டி போலவே ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பழைய பெட்டிகளை ஏலத்தில் எடுத்து, சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஹோட்டலாக்கினார்கள், அதுதான் டைனர் என்று ஆபீஸ் நண்பர் சொல்கிறார். உண்மையா?

மார்ச் 2, இரவு
இல்லை.

உங்கள் நண்பரைக் குறை சொல்லவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானும் வந்த புதிதில் அம்மாவுக்கு போன் போட்டு "ரயில் பெட்டிக்குள்ளே உட்கார்ந்து சாப்பிட்டேன்" என்று பெருமை அடித்தவன்தான். டைனர்கள் தொழிற்சாலையில் டைனராகவே செய்யப்பட்டவை. கவுண்டர், ஸ்டூல், அடுப்பு, குளிர்பெட்டி, காபி கொதிக்கும் அண்டா எல்லாவற்றையும் உள்ளே பொருத்தி முடித்து, அப்படியே ஏற்றி அனுப்புவார்கள். வாங்கியவர் தன் மனையில் அஸ்திவாரம் போட்டுக் காத்திருப்பார். இறக்கி வைத்து, தண்ணீரும் கேஸும் கரண்டும் இணைத்துவிட்டால் கடையைத் திறந்துவிடலாம்.

நீங்கள் இருக்கும் நியூஜெர்சிதான் இந்தத் தொழிலுக்குத் தாய்வீடு மாதிரி. முதலில் பயோனிலும் அப்புறம் எலிசபெத்திலும் ஜெர்ரி ஓமஹோனி கம்பெனி, பேட்டர்சனில் சில்க் சிட்டி, இன்னும் குல்மன், ஃபொடேரோ என்று பல பேர். வடக்கே மாசசூசெட்ஸில் வூஸ்டர் லஞ்ச் கார் கம்பெனி. அது ஒன்று மட்டுமே 850 டைனர் செய்திருக்கிறது.

மார்ச் 3
"அப்படியானால் யார் முதலில் ஆரம்பித்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நம் கையேந்தி பவன் மாதிரி ஒன்றிலிருந்துதான்.

1872, ரோட் ஐலண்டில் பிராவிடன்ஸ் நகரம். வால்டர் ஸ்காட் என்று ஒருவர். அச்சகத் தொழிலாளி, கூடுதல் வருமானத்துக்குக் கூடையில் தின்பண்டம் விற்றுக்கொண்டிருந்தவர். இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பாட்டுக் கடை எதுவும் இருக்காது. ஆனால் பத்திரிகை ஆபீஸில் விடிய விடிய வேலை நடக்கும். வேலையை விட்டுவிட்டு ஒரு குதிரை வண்டியைத் தயார் செய்து, பிராவிடன்ஸ் ஜர்னல் அலுவலகத்துக்கு எதிரே நிறுத்தினார். சாண்ட்விச், அவித்த முட்டை, பை (pie) என்ற அடைத்துச் சுட்ட பலகாரம். வண்டிக்குள் அவர், நடைபாதையில் சாப்பிடுகிறவர்கள். அவ்வளவுதான்.

மழையும் பனியும் வந்தால் என்ன செய்வது? 1887-ல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் சாமுவேல் ஜோன்ஸ் என்பவர் வாடிக்கையாளரும் ஏறி உள்ளே நிற்கும்படி பெரிய வண்டி ஒன்றைக் கட்டினார். 1891-ல் அதே ஊர்க்காரர் சார்ல்ஸ் பாமர் இப்படி ஒரு வண்டிக்குக் காப்புரிமையே வாங்கிவிட்டார். டைனரின் கருவே இந்த வண்டிதான். முன்பக்கம் ஜனங்கள், நடுவில் தடுப்பு மாதிரி ஒரு மேடை, பின்பக்கம் சமைக்கிறவர். இந்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை.

மார்ச் 3, கொஞ்சம் கழித்து
அவமானமாக இருக்கிறது. 850 இல்லை, 651.

வூஸ்டர் கம்பெனி ஒவ்வொரு டைனருக்கும் ஒரு எண் கொடுத்தது. கடைசி எண் 850. அதைப் பார்த்துத்தான் நேற்று அப்படி எழுதிவிட்டேன். ஆனால் அவர்கள் 200-லிருந்து எண்ண ஆரம்பித்தவர்கள். புதுக் கடைக்காரர் முதல் பில்லை 1 என்று போடாமல் 501 என்று போடுவார் அல்லவா, அந்த வித்தையாக இருக்கலாம் என்பது என் ஊகம். 1906-ல் கம்பெனி தொடங்கியபோது "எங்களுடைய முதல் வண்டி" என்று சொல்லி யாரிடம் விற்பது?

மார்ச் 5
முதல் குறிப்பில் "இல்லை" என்று ஒரே வார்த்தையில் வெட்டியதும் சரியில்லை என்று தோன்றுகிறது. உங்கள் நண்பர் சொல்வதில் ஒரு துண்டு உண்மை உண்டு.

1890-களில் நகரங்களில் மின்சார டிராம் வந்ததும், குதிரை இழுத்த பழைய டிராம் பெட்டிகள் வேலையில்லாமல் நின்றன. அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. அதை வாங்கி உள்ளே ஒரு அடுப்பை வைத்துக் கடை போட்டவர்கள் உண்டு. அழுக்கு, குடிகாரர்கள், ராத்திரி ரகளை என்று அவற்றுக்கு நல்ல பெயர் இல்லை. தொழிற்சாலையில் டைனர் செய்தவர்களுக்கு இந்தப் பெயர் பெரிய தலைவலி. தங்கள் சரக்கு அது அல்ல என்று காட்டுவதற்காகவே இன்னும் பளபளப்பாகச் செய்தார்கள். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டி அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் சாப்பிடும் இடம். "டைனிங் கார்" என்ற பெயரை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1920-களில் அது சுருங்கி "டைனர்" ஆனது.

ஆகப் பெயர் ரயிலிலிருந்து வந்தது, பெட்டி அங்கிருந்து வரவில்லை. இப்போதைக்கு இப்படி வைத்துக்கொள்வோம்.

மார்ச் 8, ஞாயிறு
இன்று காலை பக்கத்து ஊரில் ஒரு பழைய டைனருக்கு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். பெயர் சொல்லமாட்டேன், ஏன் என்று கீழே தெரியும்.

கதவைத் தள்ளியதும் நேரே கவுண்டர். உள்ளே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பதினோரு அடிதான். ஸ்டூல்களின் கால்கள் தரையில் போல்ட் போட்டு இறுக்கியவை. ஒரு ஸ்டூலின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு இரண்டடி. ஸ்டூலுக்குக் கீழே கால் வைக்க ஒரு மேடை, அதன் ஓடுகள் நடுவில் மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கின்றன. எத்தனை ஷூக்கள் தேய்த்தனவோ! கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு ஆள் நடக்க இடம். அதற்கும் பின்னால் சுவரை ஒட்டிக் கிரில், நம் பரோட்டாக் கல்லுக்கு அண்ணன். மேலே புகைக்கூண்டு, பக்கத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, அதில் சூரியன் உதிப்பது போல விரிந்த கதிர்கள் அழுத்தியிருக்கின்றன.

சமைத்துக்கொண்டிருந்தவரை அரை மணி நேரம் பார்த்தேன். முட்டையை ஒரு கையால் உடைக்கிறார், இன்னொரு கையால் காபியை நீட்டுகிறார், திரும்பினால் கல்லாப் பெட்டி. மூன்று எட்டுக்கு மேல் அவர் நகரவே இல்லை. ஒரே ஆள் சமைத்து, பரிமாறி, காசு வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த அகலத்தை வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

நான் டேப்பை நீட்டி ஸ்டூலை அளந்ததும் பேச்சு நின்றுவிட்டது. கவுண்டரில் இருந்த அம்மா வந்து, "சார், நீங்கள் ஹெல்த் டிபார்ட்மென்ட்டா?" என்றார். இல்லை, பொழுதுபோக்கு என்றேன். அவர் நம்பவில்லை. அப்புறம் எனக்கு வந்த தட்டில் உருளைக்கிழங்கு இரண்டு மடங்கு இருந்தது. இனி எங்கே போனாலும் டேப்போடு போகலாம் என்றிருக்கிறேன்.

மார்ச் 9
கூரையைப் பற்றிக் கேட்டவருக்கு: நடுவில் ஒரு மேடு எழும்பி, அதன் இரு பக்கமும் சின்னச் சின்ன ஜன்னல்கள் வரிசையாக இருந்தால் அது பழைய டிராமிலும் ரயிலிலும் இருந்த கூரை. சில்க் சிட்டி இதை ரொம்ப நாள் விடவில்லை. அழகுக்காக அல்ல; கிரில் புகையும் சூடும் மேலே போய் அந்த ஜன்னல் வழியாக வெளியேறும். பீப்பாயை நீளவாக்கில் வெட்டிக் கவிழ்த்தது போல வளைந்திருந்தால் பெரும்பாலும் வூஸ்டர் கைவேலை.

வெளிச்சுவரைத் தொட்டுப் பார்த்தும் சொல்லலாம். வூஸ்டர் டைனர்களில் எனாமல் தகடு. நம் வீடுகளில் ஓரம் பெயர்ந்த எனாமல் தட்டு இருந்ததே, அதே சமாசாரம்தான்: இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியைப் பூசிச் சூளையில் உருக்கி ஒட்ட வைப்பது. கடையின் பெயரையும் பழைய கோதிக் எழுத்தில் அதனுள்ளேயே சுட்டுவிடுவார்கள். அதனால்தான் எழுபது எண்பது வருடம் கழித்தும் எழுத்து மங்கவில்லை. ஆனால் கடை கை மாறினால் பெயரை அழிக்க முடியாது! உள்ளே மரச்சட்டம், ஓக், மகாகனி. நியூஜெர்சிக்காரர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உள்ளும் புறமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இறங்கிவிட்டார்கள். வூஸ்டரைத் தச்சர் பட்டறை என்றும் நியூஜெர்சியைக் கொல்லர் பட்டறை என்றும் நான் மனதுக்குள் வைத்திருக்கிறேன்.

ரயில் எஞ்சின் மூக்கு மாதிரி முனை வளைந்த டைனர் படம் போட்டிருந்தீர்களே, ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் இருக்கும் மாடர்ன் டைனர், அதுவும் வூஸ்டர்தான்.

மார்ச் 9, உடனே
இல்லை. மாடர்ன் டைனர், ஸ்டெர்லிங் ஸ்ட்ரீம்லைனர் வகை. மாசசூசெட்ஸில் மெரிமாக் என்ற ஊரில் ஜட்கின்ஸ் கம்பெனி செய்தது. அவர்கள் அதற்கு முன் குதிரைக் கோச்சும் கார் பாடியும் கட்டியவர்கள். அப்போது சீறிப்பாயும் புதுப் பாணி ரயில்கள்தான் நாட்டின் மோகம். நகராத ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் காற்றைக் கிழிக்கும் மூக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. 1942-ல் போரோடு அந்தத் தொழில் நின்றது. அமெரிக்க வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் ஏறிய முதல் டைனர் இந்த மாடர்ன்தான், 1978-ல். அதையும் பின்னால் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

தூக்கக் கலக்கத்தில் எழுதக்கூடாது என்று எத்தனை தடவை பட்டாலும் புத்தி வரவில்லை.

மார்ச் 14
இன்று டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். பாதி வீடு ஒன்றை ஏற்றிக்கொண்டு போகிறது. ஆம், பாதி வீடு. மறு பாதி முன்னால் போகும் லாரியில். பின்னால் மஞ்சள் பலகை, முன்னும் பின்னும் விளக்கு சுழலும் துணை வண்டிகள். முந்த முடியாமல் நாற்பது நிமிடம் அதன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் உறைத்தது.

போன ஞாயிறு அந்தப் பதினோரு அடி அகலம் சமையல்காரரின் மூன்று எட்டுக்காக என்று எழுதினேன். தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் தலைகீழாகப் பார்த்திருக்கிறேன். அகலத்தை முதலில் தீர்மானித்தது சாலை. தொழிற்சாலை வாசலைத் தாண்ட வேண்டும், பாலத்துக்குள் நுழைய வேண்டும், எதிரே வண்டி வந்தால் ஒதுங்க வேண்டும். அதற்குள் எவ்வளவு அகலம் கிடைக்கிறதோ அதில் கவுண்டரை, ஸ்டூலை, கிரிலை அடைத்தார்கள். அகலத்தைக் கூட்ட முடியாது, நீளத்தைக் கூட்டலாம். ஒல்லியாக நீளமாக வந்தது அதனால்தான். ரயில் பெட்டியும் ஒரு பாதையின் அகலத்துக்கு அடங்கிப் போகவேண்டிய பொருள். ஒன்றைப் பார்த்து மற்றது காப்பியடித்தது பாதி, இரண்டுக்கும் ஒரே நெருக்கடி என்பது மீதி.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 1950, 60-களில் டைனர் முதலாளிகளுக்கு நூறு பேர் உட்காரும் இடம் தேவைப்பட்டது. கம்பெனிகள் டைனரைத் துண்டு துண்டாகச் செய்து, தனித்தனி லாரியில் அனுப்பி, மனையில் சேர்த்து ஒட்ட ஆரம்பித்தன. அகலத் தடை போனது. ரயில் சாயலும் அதோடு போய்விட்டது! ரூட் 1-லும் ரூட் 22-லும் இன்று பார்க்கும் பெரிய டைனர்களுக்குள் நின்று பாருங்கள், எந்த ரயில் ஞாபகமும் வராது.

மார்ச் 15
"சாலையில் போவதற்காகச் செய்தது என்றால் திரும்பவும் போகுமா?" போகும். மன்ஹாட்டனில் இருந்த மூன்டான்ஸ் டைனரை 2007-ல் லாரியில் ஏற்றி வயோமிங்கில் லா பார்ஜ் என்ற சின்ன ஊருக்குக் கொண்டுபோனார்கள். நாட்டின் முக்கால்வாசி அகலத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தது. அடுத்த குளிர்காலத்திலேயே பனி விழுந்து கூரை இறங்கிவிட்டது. சரிசெய்து 2009-ல் திறந்தார்கள், சில வருடத்தில் மூடினார்கள்.

நகர்வதை நிறுத்தவே இல்லை என்று ஒன்றும் உண்டு. பிராவிடன்ஸில் ஹேவன் பிரதர்ஸ். ஸ்காட் வண்டி நிறுத்திய அதே ஊர். குதிரை போய் லாரி வந்தது, மற்றபடி சாயங்காலம் நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பதும், இரவு வியாபாரம் முடிந்து கிளம்பிப் போவதும்தான் அதன் வழக்கம்.

மார்ச் 21
வூஸ்டர் போனதைப் பற்றி எழுதச் சொன்னவர் இருக்கிறார். மூன்று வருடம் முன்பு போனேன். நாலு மணி நேர ஓட்டம். பெட்ரோல் பங்கில் வழி கேட்கும்போது எழுத்தைப் பார்த்து "வொர்செஸ்டர்" என்று சொல்லி அந்தப் பையனைச் சிரிக்க வைத்தேன். வூஸ்டர். அவ்வளவுதான் உச்சரிப்பு. நடுவில் உள்ள எழுத்துகள் சும்மா நிற்கின்றன.

சவுத்பிரிட்ஜ் தெருவில், ரயில் பாலத்துக்கு அருகே, மிஸ் வூஸ்டர் டைனர். எண் 812, 1948-ல் செய்தது. லஞ்ச் கார் தொழிற்சாலை எதிர்ப்பக்கத்தில்தான் இருந்தது. டைனர் வாங்க வருகிறவர்களுக்கு இதைத்தான் மாதிரியாகக் காட்டுவார்களாம். ஷோரூமிலேயே காபியும் முட்டையும் கிடைத்திருக்கிறது. கம்பெனி 1957-ல் கடைசி டைனரைச் செய்து முடித்தது; காட்டுவதற்காக வைத்தது மட்டும் நிற்கிறது.

"மிஸ்" ஏன் என்று கேட்பீர்கள். மிஸ் வூஸ்டர், வெர்மான்ட்டில் மிஸ் பெல்லோஸ் ஃபால்ஸ், மெயினில் மிஸ் போர்ட்லாண்ட். அழகிப் போட்டி மாதிரி ஊர் ஊருக்கு ஒருத்தி. இரவு வண்டிகளின் கெட்ட பெயரால் பெண்கள் உள்ளே வரமாட்டார்கள். வாடிக்கையில் பாதி போனால் எப்படி? 1920-களில் ஜன்னலில் பூந்தொட்டி வைத்தார்கள், பெண்களுக்குத் தனி இருக்கை உண்டு என்று வெளியே எழுதினார்கள். ஸ்டூலில் ஏறி உட்காருவது மரியாதைக் குறைவு என்று பட்டதால் ஜன்னலோரம் எதிரெதிர் பெஞ்சு, அதாவது பூத் வந்தது. நாம் குடும்பத்தோடு போனால் முதலில் தேடுகிற அந்தப் பூத், நம் ஊர் ஹோட்டலில் "ஃபேமிலி ரூம்" என்று எழுதிய அறையின் வேலையைத்தான் செய்திருக்கிறது.

மார்ச் 22
சைவம் பற்றித் தனிச் செய்தியில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சுருக்கமாக: ஹோம் ஃப்ரைஸ் என்று சொல்லும் உருளைக்கிழங்கு, பன்றி இறைச்சி வெந்த அதே கல்லில்தான் பெரும்பாலும் புரளும். எனக்கு இது நாலு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த அன்று வீட்டில் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. ரைஸ் புட்டிங் பயமில்லாமல் சாப்பிடலாம், ஏலக்காய் மட்டும் இருந்தால் பாயசம் என்று சத்தியம் செய்யலாம். நியூஜெர்சியின் டிஸ்கோ ஃப்ரைஸ் வேண்டாம், அதன் மேல் ஊற்றும் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாறு.

டெய்லர் ஹாமா, போர்க் ரோலா என்ற சண்டையை இங்கே தொடங்காதீர்கள். இரண்டும் ஒரே பொருள், பதப்படுத்திய பன்றி இறைச்சி. வடக்கு நியூஜெர்சிக்கும் தெற்குக்கும் இதில் சமாதானமே கிடையாது.

ஏப்ரல் 5
"இவ்வளவு அழகான டைனர்களை ஏன் செய்வதை நிறுத்தினார்கள்?"

துரித உணவுச் சங்கிலிகள் 1950-களிலிருந்து பெருகியது ஒரு காரணம், காரை விட்டு இறங்கவே வேண்டாம் என்ற வசதியோடு. அதைவிட எனக்கு வேடிக்கையாகத் தெரிவது, டைனர்கள் தாங்களே வேஷம் மாற்றிக்கொண்டது. 60-களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பழசாகிவிட்டது. அந்தக் காலத்தில் பல டைனர்களைக் கிரேக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் நடத்தின. மெனு புத்தகமாகத் தடித்தது, வெளியே கல் பதித்த சுவர், வளைவுகள், சரிந்த ஓட்டுக் கூரை. பழைய டைனரைத் தூக்கி எறியாமல் அதன் மேலேயே செங்கல் முகப்பு வைத்து மூடியவர்களும் உண்டு. பின்னால் பழசுக்கு மவுசு வந்ததும் சிலர் புதிதாகப் பளபளா தகட்டை வாங்கி ஒட்டினார்கள். ஆகவே பளபளப்பாக இருப்பது புதிதாகவும், செங்கல் போர்த்தியது கிழவியாகவும் இருக்கலாம். கலப்பில்லாத பழசைப் பார்க்க வேண்டுமானால் நியூஜெர்சியின் சம்மிட் ஊரில் ரயில் நிலையத்துக்கு எதிரே போங்கள், சம்மிட் டைனர், 1930-களின் கடைசியில் ஓமஹோனி செய்தது. முதல் கேள்வி கேட்டவரே, ரயில் நிலையத்துக்கு எதிரே ரயில் பெட்டி மாதிரி ஒன்று நின்றால் உங்கள் நண்பரை யார் குற்றம் சொல்ல முடியும்?

உங்கள் வழியில் இருப்பது எந்த வகை என்று தெரிய, உள்ளே போய்க் கதவுக்கு மேலே பாருங்கள். சின்ன உலோகத் தகடு இருக்கும், செய்த கம்பெனியின் பெயரும் எண்ணும். சில்க் சிட்டியாக இருந்தால் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு.

ஏப்ரல் 11
படம் கிடைத்தது, நன்றி. சில்க் சிட்டியேதான், கூரை மேட்டைப் பார்த்தே நினைத்தேன். ஆனால் தகட்டின் மேல் பல வருட எண்ணெய்ப் பிசுக்கு. முதல் இலக்கம் 4, இரண்டாவது 6-ஆ 8-ஆ தெரியவில்லை. திரும்பப் போய் ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். முதலில் ஒரு காபி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உங்களையும் ஹெல்த் டிபார்ட்மென்ட் என்று நினைப்பார்கள்.